கண்ணாடிக்காரி என்ன சொல்றா?

— படம் பளிச்சுன்னு வருது சார். சத்தம்தான் வரல.

— ம்யூட்ல இருக்கும் பாஸ். ரிமோட்டப் பாருங்க.

— தப்பா நினைக்காதீங்க சார். பதினெட்டு வருஷமா சுவத்துல டிவிய மாட்டறதும் கழட்டறதும்தான் என் பொழப்பு. முதல்ல ம்யூட்டத்தான் பாப்பேன். அது இல்ல.

— சரி, டிவில இருந்து வராது. அதோட ஸ்பீக்கர செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ணி வச்சிருக்கேன். கீழ நீளமா ஒரு பட்டை இருக்கு பாருங்க, சவுண்ட்பார். சத்தம் அதுலதான் வரும். அதுக்குக் கறுப்பு ரிமோட். அக்கா, கறுப்பு ரிமோட் எங்க?

— உன் கைக்குப் பக்கத்துலதான்டா இருக்கு.

— இந்தாங்க பாஸ்.

— நாப்பது வரைக்கும் ஏத்திட்டேன் சார். அதுக்கு மேல இல்ல. பட்டைல ‘ஆப்டிகல்’னு எழுத்து ஓடுது. உயிர் இருக்கு, குரல் இல்ல.

— விட்டுடுங்களேன். எப்படியும் கீழ காமன் ஹாலுக்குத்தானே போகுது. அங்க போய்ப் பாத்துக்கலாம்.

— அப்படி இல்ல மேடம். கீழ மாட்டினப்புறம் சத்தம் வரலன்னு வைங்க, நான் தூக்கிட்டு வரும்போது எங்கயோ இடிச்சிட்டேன்னுதான் பேரு வரும். உங்க அசோசியேஷன் செக்ரட்டரி ஒரு மாதிரி ஆளு. தப்பா நினைக்காதீங்க, இங்கயே ஒரு தடவை சத்தத்தக் கேட்டுட்டுக் கழட்டிடறேன்.

— அவர் சொல்றது சரிதான்க்கா. அஞ்சு நிமிஷம்.

— நாலு மணிக்கு ஹவுஸ் ஓனர் சாவி வாங்க வந்துடுவாரு.

— வரட்டும். இன்னும் நேரம் இருக்கு.

— கேபிள் யாரு சார் போட்டது?

— நான்தான். போன லீவுல வந்தப்ப அப்பாவுக்கு வாங்கிக் குடுத்தேன். பட்டை, கேபிள், எல்லாம் சேத்து. கிளம்பற அன்னைக்கு மாட்டினேன்.

— டிவி பக்கம் கேபிள் கச்சிதமா உக்காந்திருக்கு. பட்டை பக்கம் கை போக மாட்டேங்குது. இந்த அலமாரிய நாலு விரக்கட இழுக்கணும். ஒரு பக்கம் பிடிங்க சார்.

— அக்கா, நகரு. கால்ல பட்டுடும்.

— நான் நகந்துதான் நிக்கறேன்.

— போதும் சார், போதும். இப்பக் கை போகுது. ம். ஆங். கிடைச்சிடுச்சு. சார், நீங்க என்ன வேலை பாக்கறீங்க?

— எதுக்கு?

— சும்மா கேட்டேன்.

— ஃபைபர் கேபிள் வேலை. ஆஸ்பத்திரி, பேங்க், பெரிய பெரிய கம்பெனிகளுக்கு லைன் போட்டுக் குடுக்கறது. என் கீழ பன்னண்டு பேர் இருக்காங்க.

— தப்பா நினைக்காதீங்க சார். கைய நீட்டுங்க. இது உங்க கேபிளோட முனையில இருந்துச்சு.

— என்ன இது?

— மூடி. புதுக் கேபிள் வாங்கினா ரெண்டு முனையிலயும் தூசி போகாம இருக்க ஒரு குட்டி ரப்பர் மூடி போட்டு வரும். அதை எடுத்துட்டுத்தான் சொருகணும். டிவி பக்கம் எடுத்துட்டீங்க. பட்டை பக்கம் மூடியோடவே சொருகிட்டீங்க. பாதிதான் உள்ள போயிருக்கு. பின்னாடி சுவரு முட்டுக் குடுத்ததால கீழ விழாம நின்னிருக்கு.

— இல்ல. நான் எடுத்தேன். ரெண்டையும் எடுத்தேன்.

— எடுத்திருப்பீங்க. நான் இல்லன்னு சொல்லல. இதுல கரண்டு போகாது, வெளிச்சம்தான் போகும். உங்களுக்கு நான் சொல்லணுமா. வெளிச்சத்துக்கு முன்னாடி இத்துனூண்டு மூடி வச்சாலும் அவ்வளவுதான்.

— அதுவா போய் மாட்டிக்க வாய்ப்பிருக்கா?

— மூடிக்குக் கையா இருக்கு சார்? யாராவது மாட்டினாத்தான் உண்டு.

— அப்ப நான்தான். என் கைதான்.

— விடுடா.

— இல்லக்கா, எனக்குத் தெரியும் எப்படி நடந்துச்சுன்னு. எங்க வேலைல முனைய ஒரு நிமிஷம்கூட திறந்து வைக்க விடமாட்டோம். கழட்டினா உடனே மூடி. புதுசா வர்ற பசங்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக் குடுக்கறதே அதுதான். அன்னைக்குக் கேபிள் இந்தப் பக்கமா சுத்தி வரணும்னு ஒரு தடவை உருவி எடுத்தேன். எடுத்தப்ப கை தன்னால மூடியப் போட்டிருக்கு. திரும்பச் சொருகறப்ப பாக்கல.

— சொருகினதுக்கு அப்புறம் சத்தம் வருதான்னு கேக்கலையா சார்?

— கேட்டேன். என் ஃபோன்ல இருந்து ப்ளூடூத்துல ஒரு பாட்டுப் போட்டேன். வீடே அதிர்ந்துச்சு. கீழ டாக்ஸிக்காரன் ஹாரன் அடிச்சிட்டே இருந்தான். பட்டை நல்லா இருக்குன்னு நினைச்சுக் கிளம்பிட்டேன். டிவிய வச்சு நான் பாக்கவே இல்ல.

— என்கிட்ட வர்ற பத்துக் கேஸ்ல நாலு இந்த மூடிதான் சார். பெரிய பெரிய டாக்டரெல்லாம் மூடியோட சொருகிட்டு, டிவிக்குக் காது போச்சுன்னு ஃபோன் பண்ணுவாங்க. இருங்க, இப்பச் சொருகிக் காட்டறேன். ‘டிக்’குன்னு ஒரு சத்தம் கேக்கணும். கேட்டுச்சா?

— பாஸ், குறைங்க. வால்யூமக் குறைங்க.

— ஐயையோ, நாப்பதுல இருந்துச்சுல்ல. இந்தா, குறைச்சிட்டேன். பாத்தீங்களா, என்னா சத்தம். அருமையான பட்டை சார் இது. பெரியவர் குடுத்து வச்சவரு.

— ஆஃப் பண்ணிடுங்க.

— ஏன் மேடம், நல்லாத்தானே வருது.

— வருதுன்னு தெரிஞ்சிடுச்சில்ல. ஆஃப் பண்ணிடுங்க.

— சரி மேடம். அப்ப டிவியக் கழட்டறேன். அதுக்கு முன்னாடி அலமாரியில இருக்கறத எடுத்துடுங்க, அதையும் கீழதானே கேட்டிருக்காங்க. இந்த டிராயர்ல ஏதோ பெட்டி இருக்கு. புதுசு. சீல்கூடப் பிரிக்கல.

— குடுங்க பாஸ்.

— ஏதோ மிஷின் மாதிரி இருக்கு சார்.

— ம். காதுல வைக்கற மிஷின்.

— பெரியவருக்குக் காது கேக்காதா சார்?

— கேக்காதுன்னுதான் நினைச்சேன்.

— ஓ.

— நீங்க டிவிய மட்டும் சுவத்துல இருந்து இறக்கி வைங்க.

— இறக்கிடலாம் சார். தப்பா நினைக்காதீங்க, தள்ளுவண்டிய கீழயே விட்டுட்டேன். லிஃப்டும் ரெண்டாவது மாடியில கொஞ்சம் மக்கர் பண்ணுது. நான் போய் வண்டிய ஏத்திட்டு வந்துடறேன். பத்து நிமிஷம் ஆகும். கால் மணி நேரம்னே வச்சுக்குங்களேன். நீங்க பேசிட்டு இருங்க.

— சரி.

— கதவச் சாத்திட்டுப் போறேன் மேடம்.

— ம்.

— அக்கா.

— சொல்லு.

— பதினோரு மாசம்.

— ம்.

— பதினோரு மாசம் இந்த நாக்காலியில உக்காந்து ஊமைப் படம் பாத்துட்டு இருந்திருக்காரு.

— உக்காரேன்டா கொஞ்சம். நின்னுட்டே பேசற.

— நான் போய்ச் சேந்த ரெண்டாவது நாளே ஃபோன் பண்ணாரு. ‘சத்தம் வரலடா’ன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? கறுப்பு ரிமோட் எடுங்கப்பா, அதுல ஏத்துங்கன்னேன். ‘முழுசா ஏத்திட்டேன்டா’ன்னாரு. அப்ப உங்க காதுதான்ப்பா போச்சுன்னேன். சிரிச்சிட்டே சொன்னேன்.

— தெரியும்.

— அதுக்கப்புறம் ஒவ்வொரு ஃபோன்லயும் கத்தித்தான் பேசினேன். காது கேக்கலன்னா கேக்கலன்னு ஒத்துக்குங்கப்பா, அதுல என்ன கௌரவம்னு ஒரு தடவை வள்ளுன்னு விழுந்தேன். ஆபீஸ்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ‘சரிடா, வச்சிடறேன்’னாரு. வச்சிட்டாரு. அப்புறம் அவரா சத்தத்தப் பத்திப் பேசவே இல்ல.

— நீ கத்தினதுல அவருக்குக் காது வலிச்சுது. ஃபோன மேஜை மேல வச்சுட்டுப் பேசுவாரு.

— உங்கிட்ட சொன்னாரா?

— நான் பாத்தேன்.

— போயிட்டாருன்னு நீ ஃபோன் பண்ணப்பகூட எனக்கு ஒண்ணும் ஆகல அக்கா. டிக்கெட் போட்டேன், வந்தேன், பண்ண வேண்டியதப் பண்ணேன். அஞ்சு வாரம் ஆச்சு, ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. நான் என்ன மரமான்னு என் பொண்டாட்டி கேட்டா. இப்பவும் வரல. இதக் கைல வச்சிட்டு நிக்கறேன், உள்ள ஒண்ணுமே இல்ல. பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு.

— எனக்கும் அப்படித்தான்டா இருக்கு.

— ஒண்ணு கேட்டா நேரா பதில் சொல்லுவியா?

— கேளு.

— நீ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்தியே. பத்து மணிக்கு வந்தா அஞ்சு மணி வரைக்கும் இருப்ப. டிவியில படம் மட்டும் ஓடுதே, சத்தத்தக் காணோமேன்னு உனக்குத் தோணலையா?

— யாராவது வந்தா ம்யூட்ல போடறதுதானே அவரு பழக்கம். அம்மா இருந்த காலத்துலயே அப்படித்தான். வந்தவங்க மூஞ்சியப் பாக்காம, சத்தமில்லாத படத்தப் பாத்துட்டு இருப்பாரு. எழுந்து போனப்புறம் சத்தத்த வைப்பாரு.

— அதனால ம்யூட்னு நினைச்ச.

— முதல்ல அப்படித்தான் நினைச்சேன்.

— முதல்லன்னா?

— அந்தப் பெட்டியக் கீழ வைடா. எவ்வளவு நேரம் அதையே பிடிச்சிட்டு இருப்ப.

— இதையும் கேக்கணும். மிஷின் போட்டுக்கறாரா, போட்டுக்கறாரான்னு மாசா மாசம் உன்கிட்டக் கேட்டேன். ‘போட்டுக்கறாரு, பரவால்ல’ன்னு சொன்ன. சீலே பிரிக்கலையே அக்கா.

— பிரிக்கல.

— ஏன் அப்படிச் சொன்ன?

— அவருக்கு வேண்டியிருக்கலடா. காது நல்லாத்தான் இருந்துச்சு. மூணு வீடு தள்ளி குக்கர்ல பிரஷர் போற சத்தம் கேட்டாக்கூட ‘அடுப்பப் பாரு’ன்னு சொல்லுவாரு.

— காது நல்லா இருக்குன்னு உனக்குத் தெரியும்.

— தெரியும்.

— எப்ப இருந்து?

— நீ போய் ஆறு வாரம் இருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை அலமாரிய இழுத்துப் பின்னாடி பெருக்கினேன். கேபிள் பாதி வெளிய நின்னுச்சு. அப்பதான் யோசிச்சேன், காது கேக்கற மனுஷன் ஏன் சத்தம் இல்லாமப் பாக்கறாருன்னு. ஃபோன்ல தேடினேன். ஆப்டிகல் கேபிள் போட்டும் சத்தம் வரலன்னா என்ன பண்ணணும்னு ஒரு பொண்ணு வீடியோ போட்டிருந்தா. முதல் கேள்வியே ‘மூடிய எடுத்தீங்களா’ன்னுதான். பின்னாடி கைய விட்டு உருவினேன். மூடி இருந்துச்சு.

— எடுத்தியா?

— எடுத்தேன். சொருகினேன். இன்னைக்கு வந்த மாதிரியே வீடு இடிஞ்சு விழற மாதிரி சத்தம் வந்துச்சு. அவரு குறைச்சு வச்சுட்டு உக்காந்து பாத்தாரு.

— அப்ப சரியாயிடுச்சு.

— அன்னைக்குச் சரியாயிடுச்சு.

— புரியலக்கா. சரியானது எப்படித் திரும்ப... நீ சரியாச் சொல்லு. இது எப்படித் திரும்ப இங்க வந்துச்சு?

— அடுத்த ஞாயித்துக்கிழமை அவரு குளிக்கப் போனப்ப நான்தான் மாட்டினேன்.

— என்ன சொல்ற?

— மூடிய. நான்தான் திருப்பி மாட்டி, பழையபடி பாதி சொருகி வச்சேன்.

— அக்கா.

— எதாவது சொல்லணும்னா சொல்லிடு. எனக்கு ஒண்ணும் ஆகாது.

— ஏன்? ஏன் அப்படிப் பண்ண? அவரு உனக்கு என்ன பண்ணாரு?

— கேப்பேன்னு தெரியும். சொல்றேன். நடுவுல பேசாம இரு. நான் அந்த வீட்ட விட்டு வந்தது எப்ப?

— உன் புருஷன் வீட்ட விட்டா? பன்னண்டு வருஷம் இருக்கும். நான் அப்ப வெளியூர்ல படிச்சிட்டு இருந்தேன்.

— அதுல இருந்து அப்பா என்கூடப் பேசின வார்த்தைய எண்ணிடலாம். ‘வா’, ‘சாப்பிட்டியா’, ‘கிளம்பறியா’. அம்மா போன அன்னைக்குக்கூட அந்த மூணுதான். ஞாயித்துக்கிழமை ஏழு மணி நேரம் இங்க இருப்பேன்னு சொன்னியே, அந்த ஏழு மணி நேரத்துல மூணு வார்த்த. அவரு டிவிய வெறிச்சுப் பாத்துட்டு இருப்பாரு. நான் துணி மடிச்சிட்டு இருப்பேன்.

— அப்பா யார்கூடவும் அதிகமாப் பேச மாட்டாருக்கா.

— உன்கூடப் பேசுவாரு. உன் ஆபீஸ், உன் கேபிள், உன் பிள்ளையோட பல்லு. நான் சொல்றதக் கேளு. நீ பட்டைய மாட்டிட்டுப் போன அடுத்த வாரம், துணி மடிச்சிட்டு இருக்கேன், ‘அவ என்ன சொல்றா?’ன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. யார்கிட்டப் பேசறாருன்னு திரும்பிப் பாத்தேன். டிவியில ஒரு சீரியல் ஓடிட்டு இருந்துச்சு. அதுல மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு வருவா, அவ அழுதுட்டே ஏதோ பேசறா. ‘இந்தக் கண்ணாடிக்காரி என்ன சொல்றா?’ன்னு திரும்பவும் கேட்டாரு.

— நீ என்ன சொன்ன?

— எனக்கும்தானே கேக்கல. ம்யூட்ட எடுங்கன்னு சொல்ல மனசு வரல, அவரா கேட்டுட்டாரே. ‘மாமியார் சாவியப் பிடுங்கி வச்சுக்கிட்டாங்களாம்’னு வாய்க்கு வந்தத அடிச்சு விட்டேன். ‘எந்தச் சாவி?’ன்னாரு. பீரோ சாவின்னேன். ‘அப்புறம்?’னாரு. அன்னைக்கு அரைமணி நேரம் பேசினோம்டா. கிளம்பறப்ப ‘அடுத்த வாரம் வருவில்ல’ன்னு கேட்டாரு. பன்னண்டு வருஷத்துல முதல் தடவை.

— நீயா கதை கட்டிச் சொன்னியா?

— எல்லாத்துக்கும். செய்தி வாசிக்கறவனுக்கு நான்தான் குரல். சமையல் பண்ற ஆளுக்கு நான்தான். ஒருநாள் யாரோ மந்திரி மைக்கப் பிடிச்சிட்டுக் கைய ஆட்டறாரு, ‘இவன் என்ன சொல்றான்?’ன்னாரு. ‘வழக்கமா சொல்றதுதான்ப்பா’ன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. அப்பா சிரிச்சா முன்பல்லு ஒண்ணு கோணலாத் தெரியும், எனக்கு அது மறந்தே போயிருந்துச்சு.

— அந்த ஆறு வாரம் முழுக்கவா?

— ஆறு வாரம். அப்புறம்தான் நான் பெரிய இவளாட்டம் மூடியக் கண்டுபிடிச்சேன். பாவம், நல்லாக் கேக்கட்டுமேன்னுதான் எடுத்தேன். சத்தம் வந்துச்சு. அன்னைக்கு மூணு மணி நேரம் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பல. அவரு மேல தப்பில்ல, அவரு பாட்டுக்குக் கேட்டுட்டு இருந்தாரு. சாயங்காலம் ‘கிளம்பறியா’ன்னாரு. பஸ்ஸுல போறப்ப என்னமோ வேலைய விட்டுத் தூக்கினவ மாதிரி இருந்துச்சு எனக்கு.

— அதனால மாட்டின.

— அதனாலதான் மாட்டினேன்.

— மத்த ஆறு நாள்? நீ வர்றது ஒரு நாளு. திங்கள்ல இருந்து சனி வரைக்கும் அந்த மனுஷன் ஊமைப் படம்தானே பாத்திருப்பாரு. உன் ஒரு நாளுக்காக.

— ஆமா. அதத் தெரிஞ்சேதான் பண்ணேன். பஸ் ஏறறப்ப எல்லாம் அடுத்த வாரம் எடுத்துடணும்னு நினைப்பேன். வந்து செருப்பக் கழட்டறதுக்குள்ள ‘போன வாரம் அந்தக் கண்ணாடிக்காரிய எங்க விட்ட?’ன்னு கேட்டுடுவாரு. எனக்கு மனசு வராது.

— நான் அவருக்குச் செவிட்டு மிஷின் வாங்கி அனுப்பறேன். நீ அத டிராயர்ல வைக்கற.

— ஆமா.

— எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல. என் தப்புன்னு நான் திட்டு வாங்கியிருப்பேனே. காது போச்சுன்னு நான் அவரச் சொல்லாம இருந்திருப்பேனே.

— சொல்லியிருக்கலாம்.

— அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்ல மாட்டியா?

— என்னத்தச் சொல்ல. திட்டுடா. திட்டினா நல்லா இருக்கும்.

— திட்ட வரல.

— சார், வண்டி ஏறிடுச்சு. உள்ள வரலாமா?

— ரெண்டு நிமிஷம் பாஸ். வெளியவே இருங்க.

— தப்பா நினைக்காதீங்க சார், நான் படிக்கட்டுல உக்காந்திருக்கேன். மெதுவா வாங்க.

— அக்கா, அந்தக் கண்ணாடிக்காரி கதை. ஒம்பது மாசம் என்ன கதை சொன்ன?

— எனக்கு என்ன கதை தெரியும்? மாமியார் சாவியப் பிடுங்கிட்டாங்கன்னு வாய் தவறி வந்துச்சு. அது என் வீட்டுக் கதைதான். அப்புறம் அதுவே ஓடுச்சு. புருஷன் வாரக்கணக்குல பேசமாட்டான்னு சொன்னேன். என் சம்பள ஏடிஎம் கார்டப் பிடுங்கினது, சாப்பாட்டுத் தட்ட சுவத்துல விட்டெறிஞ்சது, எல்லாம். யாருக்கும் சொன்னதில்லடா. அம்மாவுக்குக்கூட. அவ வாயி அங்க அசையுது, நான் இங்க சொல்றேன். அவரு டிவியப் பாத்துட்டே ‘ம், ம்’னு கேப்பாரு. ஒருநாள் ‘அவ ஏன் முன்னாடியே வரல?’ன்னாரு. ‘வந்தா யாரு சேத்துப்பாங்கன்னு யோசிக்கறாளாம்’னேன்.

— அவருக்குத் தெரியல, இல்ல? சீரியல்னே நம்பிட்டாரு.

— நானும் அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன். அவரு போன மூணாம் நாள் வரைக்கும்.

— அப்புறம்?

— பக்கத்து வீட்டம்மா துக்கம் கேக்க வந்தாங்கல்ல. கையப் பிடிச்சிட்டுச் சொன்னாங்க, ‘சாயங்காலம் ஆனா சுவரு வழியா உங்கப்பா டிவி சத்தம் கேட்டுட்டே இருக்கும், இப்ப வீடே வெறிச்சுன்னு இருக்கு’ன்னு. நான் அவங்க வேற வீட்டச் சொல்றாங்கன்னு நினைச்சேன். ‘எங்கப்பா டிவியா?’ன்னேன். ‘ஆமாம்மா, அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு சீரியல், நானும் அதே நேரத்துக்குத்தான் பாப்பேன். ஞாயித்துக்கிழமை திருப்பிப் போடறப்ப மட்டும் உங்க வீட்டுல சத்தமே வராது’ன்னாங்க.

— இரு. இரு. வார நாள்ல சத்தம் வந்துச்சா?

— தினமும்.

— அப்ப அவரு கழட்டியிருக்காரு.

— நான் மாட்டின மறுநாளே கண்டுபிடிச்சிருப்பாரு. திங்கக்கிழமை கழட்டுவாரு. ஞாயித்துக்கிழமை நான் வர்றதுக்கு முன்னாடி திருப்பி மாட்டி வைப்பாரு. ஒம்பது மாசமும். முட்டி வலியோட, அலமாரிய இழுத்துப் பின்னாடி கைய விட்டு. கடைசியா மாட்டினதுதான் இன்னைக்கு அந்த ஆளு எடுத்தது. திங்கக்கிழமை விடியறப்பவே போயிட்டாருல்ல, கழட்டல.

— அப்ப அந்தக் கண்ணாடிக்காரி நெஜமா என்ன பேசினான்னு வாரம் முழுக்க அவரு காதால கேட்டிருக்காரு.

— ஒரு வார்த்தை விடாம.

— நீ சொல்றது அவ கதை இல்லன்னு தெரிஞ்சுதான் கேட்டிருக்காரு.

— ம்.

— அக்கா, நீ ஏன் அப்ப இந்த வீட்டுக்கு வரல? புருஷன் வீட்ட விட்டுட்டு நேரா லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போயிட்ட, பிடிவாதக்காரின்னுதான் எங்கிட்டச் சொன்னாங்க.

— அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொன்னோம்.

— அப்ப அது இல்லையா?

— அத நான் கண்ணாடிக்காரி கதையிலகூடச் சொல்லலடா. மத்ததெல்லாம் சொன்னேன், அந்த ஒண்ண மட்டும் தாண்டிப் போயிட்டேன். எப்படிச் சொல்றது, பக்கத்துலயே உக்காந்திருக்காரு.

— கடைசி ஞாயித்துக்கிழமை என்ன பேசினீங்க?

— வழக்கம்போலத்தான். அவ ஹாஸ்டல்ல இருக்கா, வேலைக்குப் போறான்னு சொல்லிட்டு இருந்தேன். அவரு ரிமோட்ட எடுத்து டிவியவே அணைச்சிட்டாரு. படமும் போயிடுச்சு. இருட்டுக் கண்ணாடில எங்க ரெண்டு பேரு மூஞ்சியும் தெரிஞ்சுது. அதப் பாத்துட்டேதான் கேட்டாரு.

— என்ன கேட்டாரு?

— ‘பொட்டியத் தூக்கிட்டு அவ முதல்ல அப்பன் வீட்டு வாசலுக்குத்தானே வந்தா, நான் கதவத் தொறக்கலையே, அத மட்டும் ஏம்மா இன்னும் சொல்ல மாட்டேங்கறா?’ன்னாரு.